பிறந்தநாளும் பி ஷிப்டும்: கடலூர், பாண்டிப் பக்கம் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பிறந்தநாள் வரும்போது நிறையப் பேர் செய்வது இதுதான். யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அன்றைக்குக் காலையில் இன்சார்ஜுக்கு போன் போட்டு லீவு கேட்பார்கள். இல்லையென்றால் கேட்கவே கூச்சப்பட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, சாயந்திரம் அம்மா போன் பண்ணினால் அவரிடம் எரிந்து விழுவார்கள். காலேஜ் வரைக்கும் அந்த நாள் முழுக்க நம்முடையது. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அதில் இரண்டு மணி நேரம் நம் கைக்கு வந்தாலே பெரிது. எந்த இரண்டு மணி நேரம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் மீதி நேரம் வேலை பார்ப்பது ஒன்றும் கஷ்டமாக இருக்காது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) தொழிற்சாலை ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பி ஷிப்ட் என்று நான் சொல்வது அங்கே மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை ஓடும் ஷிப்டை. ஆஸ்பத்திரி, ஓட்டல், ஜவுளிக்கடை என்று எங்கே இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: எந்தப் பிறந்தநாள் என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊர்க்காரர்களில் பலருக்குப் பிறந்தநாள் ஒன்று இல்லை, மூன்று. உண்மையில் பிறந்த தேதி ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது சரிவர வேண்டும் என்று வாத்தியார் போட்டுக்கொடுத்த சர்டிபிகேட் தேதி இன்னொன்று. மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் ஒரே ஆபீஸில் பத்துப் பேருக்கு பர்த்டே வருகிறதென்றால் அதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது, வீட்டில் கொண்டாடும் நட்சத்திரப் பிறந்தநாள். மாசி மாதம் மகம், ஆவணி மாதம் ரோகிணி என்று தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து வருவது.

எச்ஆர் கையில் இருப்பது ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள தேதி. ஆபீஸ் குரூப்பில் ரோஜாப்பூ படத்தோடு வாழ்த்து வருவது அன்றைக்குத்தான். உங்களுடைய உண்மையான தேதி வேறு என்றால் அதை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். "நன்றி சார்" என்று ஒரு வரி போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஆபீஸ் கொண்டாட்டம் அன்றைக்கே முடிந்துவிட்டதால், உங்களுடைய சொந்த நாள் முழுக்க உங்களுக்குத்தான். இது உண்மையிலேயே ஒரு வசதி.

நட்சத்திரப் பிறந்தநாள் அதைவிட வசதி. அது வருடா வருடம் தேதி மாறும், ஆனால் உங்கள் தமிழ் மாதத்துக்குள்ளேயேதான் சுற்றும். ஏதாவது ஒரு வருடம் அது வார விடுமுறையில் வந்து நிற்கும். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர 27 நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. தமிழ் மாதம் அதைவிட நீளம். ஆகவே சில வருடங்களில் ஒரே மாதத்தில் உங்கள் நட்சத்திரம் இரண்டு முறை வரும். அப்போது இரண்டாவதாக வருவதை எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். டைரி வாங்கிய அன்றே தினக்காலண்டரைப் புரட்டி அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில், அர்ச்சனை, பாயசம், பெரியவர்கள் காலில் விழுவது எல்லாவற்றையும் நட்சத்திர நாளுக்குத் தள்ளிவிட்டால் தேதிப் பிறந்தநாளில் நீங்கள் வேலைக்குப் போவதைப் பற்றி வீட்டில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். "அன்னைக்கு என்னம்மா, வெறும் இங்கிலீஷ் தேதிதானே" என்று சொல்லிப் பாருங்கள், அம்மாவே ஒத்துக்கொள்வார்.

தள்ள முடியாதது கட்டிய மனைவியோ கணவரோ சொந்தமாக ஏற்பாடு செய்திருக்கும் விஷயம்தான். அங்கே நட்சத்திரக் கணக்கு எடுபடாது.

இரண்டாவது: லீவு கிடைக்குமா என்று பாருங்கள்

பிறந்தநாளுக்கு லீவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள், அதோடு இன்னும் 5 பண்டிகை நாள், இவ்வளவுதான் அதில் உண்டு. காவல் துறையில் மட்டும் 2021இல் அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, காவலர்களுக்குப் பிறந்தநாளிலும் திருமண நாளிலும் விடுப்பு கொடுக்க வேண்டும், கண்ட்ரோல் ரூமிலிருந்து வயர்லெஸில் வாழ்த்தும் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சில தனியார் கம்பெனிகளிலும் பிறந்தநாள் லீவு தருகிறார்கள். உங்கள் ஆபர் லெட்டரோடு கொடுத்த லீவு பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். படிக்காமலேயே "நம்ம கம்பெனில இல்லப்பா" என்று சொல்லும் சீனியர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. நவம்பர் 1ஆம் தேதியோ ஆகஸ்ட் 16ஆம் தேதியோ பிறந்தவரா நீங்கள்? 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி முழுமையானது. இரண்டு நாளுமே புதுச்சேரியில் அரசு விடுமுறை, கடலூரில் கிடையாது. மஞ்சக்குப்பத்தில் ஒரே ரூமில் தங்கியிருக்கும் இரண்டு பேரில் பாண்டி அரசு ஆபீஸுக்குப் போகிறவர் போர்வையை இழுத்து மூடித் தூங்குவார், கடலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் ஓடுவது பெண்ணையாறு ஒன்றுதான்.

சம்பளத்தோடு கூடிய வருடாந்திர லீவு (இஎல்) என்பது 20 நாள் வேலைக்கு 1 நாள் என்ற கணக்கில் சேருவது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டு வரும் கணக்கு இது. அந்தச் சட்டம் அதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் விண்ணப்பம் கேட்டது. நீங்களும் அதே பதினைந்து நாளை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "சார், வர்ற 14ஆம் தேதி எனக்குப் பிறந்தநாள், ஒரு நாள் இஎல் போட்டுக்கலாமா? உற்பத்தி பேட்ச் அன்னைக்கு இருந்தா பி ஷிப்ட் மட்டும் மாத்திக் கொடுங்க, போதும்" என்று கேளுங்கள். லீவு ஒன்று, அதற்குக் கீழே ஷிப்ட் மாற்றம் ஒன்று என்று இரண்டையும் வைத்தால் இன்சார்ஜுக்கு இரண்டாவதைக் கொடுப்பது சுலபம். ஒன்றை மட்டும் கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் சுலபம்.

வார ஆஃபை நகர்த்தவும் கேட்கலாம். தொழிற்சாலைச் சட்டத்திலேயே வார விடுமுறையை அதற்கு முந்தைய 3 நாளிலோ அடுத்த 3 நாளிலோ ஒன்றுக்கு மாற்ற இடம் இருந்தது. உங்கள் ஆஃப் ஞாயிறு, பிறந்தநாள் செவ்வாய் என்றால் லீவைத் தொடாமலேயே காரியம் முடியும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போடாதீர்கள். அன்றைக்கு ஸ்டேட்டஸில் கேக்கோடு போட்டோ வரும். நீங்கள் போடாவிட்டாலும் உங்கள் நண்பன் போடுவான், அதை உங்கள் இன்சார்ஜும் பார்ப்பார்.

லீவே கிடைக்காத காலமும் உண்டு. பாண்டி ஒயிட் டவுன் ஓட்டலில் வேலை செய்துகொண்டு டிசம்பர் 31 பிறந்தநாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஜவுளிக்கடைக்காரருக்கு தீபாவளிக்கு முந்தைய வாரம், பேங்க்காரருக்கு மார்ச் 31, தொழிற்சாலையில் பராமரிப்புக்காக எந்திரங்களை நிறுத்தும் ஷட்டவுன் வாரம் எல்லாம் இதே கதைதான். அந்த மாதிரி சமயத்தில் நட்சத்திரப் பிறந்தநாளை நம்பியிருப்பதே வழி.

மூன்றாவது: ஷிப்ட் மாற்றிக்கொள்வது

லீவு இல்லை, ஷிப்டையாவது மாற்றலாம் என்று முடிவானால் யாரோடு மாற்றுவது என்று பார்க்க வேண்டும். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு, பி ஷிப்ட் இரண்டிலிருந்து பத்து, சி ஷிப்ட் பத்திலிருந்து காலை ஆறு. பிறந்தநாளுக்கு எது நல்லது என்றால் என் ஓட்டு ஏ ஷிப்டுக்கு. இரண்டு மணிக்கு வெளியே வந்துவிட்டால் மாலை, இரவு எல்லாம் உங்களுடையது. பி ஷிப்ட்தான் மோசம். காலையில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், ராத்திரி நீங்கள் வரும்போது தூங்கிப்போயிருப்பார்கள்.

உங்களோடு ஒரே வேலை தெரிந்தவரிடம் மட்டும் கேளுங்கள். பாய்லர் பார்ப்பவரும் ரியாக்டர் பார்ப்பவரும் மாற்றிக்கொள்ள முடியாது. ஏ ஷிப்டைக் கேட்கும் ஆசையில் முந்தின நாள் இரவு சி ஷிப்ட் முடித்து அப்படியே தொடர்ந்து நிற்கிறேன் என்று சொல்லாதீர்கள். பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் கேக் முன்னாலேயே தூங்கிவிடுவீர்கள், வழியில் வண்டியும் ஓட்ட வேண்டும். வாய்ப்பேச்சாக மாற்றிக்கொள்ளவும் கூடாது. இரண்டு பேரும் எழுதிக்கொடுத்து இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றம். இல்லையென்றால் வராதவர் பெயரில் ஆப்சென்ட் விழும்.

அப்புறம் ரிலீவர். தொடர்ந்து ஓடும் பிளான்ட்டில் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் நீங்கள் இடத்தை விட்டு நகர முடியாது. உங்கள் ரிலீவர் மட்டம் போட்டால் உங்களுக்கு டபுள், அதாவது தொடர்ந்து இரண்டு ஷிப்ட். ஆகவே முந்தின நாளே அவரிடம் போய், "அண்ணே, நாளைக்கு எனக்கு பர்த்டே, ரெண்டு மணிக்கு டாண்ணு வந்துடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஊரெல்லாம் சொல்லாவிட்டாலும் இந்த ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிதம்பரம் ரோட்டில் லாரி நெரிசல் இருந்தால் பஸ்ஸில் வருகிறவர் தாமதமாகலாம். அவரோடு வண்டியில் சேர்ந்து வரும் ஆள் யார் என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நான்காவது: கேட்டுக்கு உள்ளே என்ன கொண்டுபோகலாம்

ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. கெமிக்கல் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் கவனிக்க வேண்டும். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கேட்டைத் தாண்டாது. அதனால் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும் கதை உள்ளே நடக்காது. பிளாஸ்டிக் கத்தி போதும், பற்றவைக்காத மெழுகுவத்தியைக்கூட எடுத்துப்போக வேண்டாம். செக்யூரிட்டி அண்ணனுக்குச் சங்கடம், உங்களுக்கும் கேள்வி. பர்த்டே ஸ்ப்ரே, பாப்பர் வகையறா நினைப்பே வேண்டாம். ஸ்ப்ரே டின்னுக்குள் இருக்கும் வாயு பல சமயம் எரியக்கூடியது.

போனும் லாக்கரில்தான் இருக்கும். சி ஷிப்ட் ஆட்களுக்கு இது இன்னும் தெரிய வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நண்பர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள், போன் லாக்கரில் கத்திக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் நீங்கள் எடுக்கவில்லை என்று பயந்துபோய் கம்பெனி நம்பருக்கே அடிப்பார்கள். "ஆறரை மணிக்கு நானே கூப்பிடுகிறேன்" என்று முந்தின நாள் மாலையே சொல்லிவைத்துவிடுங்கள்.

புதுச்சட்டை போடாமல் எப்படி என்று அம்மா கேட்பார். யூனிபார்முக்கு உள்ளே போடும் பனியன் புதிதாக இருந்தால் போதும். கழுத்தோரத்தில் உள்பக்கம் கொஞ்சம் மஞ்சள் தடவிக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது. பருத்தியாக இருக்கட்டும். பளபளக்கும் பாலியஸ்டர் துணி பிளான்ட்டுக்கு ஆகாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாவது: கேக், சாக்லேட், ட்ரீட்

"ட்ரீட் எப்போ?" என்ற கேள்வி காலையில் பஞ்ச் அடிப்பதற்கு முன்பே வந்துவிடும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வருடமே எல்லோரையும் பிரியாணிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அதுவே வருடா வருடம் அளவாகிவிடும். டீ நேரத்தில் ஆளுக்கு ஒரு சமோசா அல்லது பப்ஸ், ஒரு டீ. இது போதும், இது மரியாதையும்கூட. முந்தின நாள் மாலையே பேக்கரியில் எண்ணிக்கை சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் காலையில் சூடாகக் கிடைக்கும். பி ஷிப்ட் என்றால் மதியம் வாங்கி ஐந்து மணி டீக்குக் கொடுக்கும்போது பப்ஸ் சொதசொதவென்று ஆகியிருக்கும், அதற்கு சமோசாவே மேல்.

கேக் வாங்குவதென்றால் எக்லெஸ் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, புரட்டாசி மாதம், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் என்று எப்போதும் யாராவது ஒருவர் முட்டை தொடாதவராக இருப்பார். அவரை விட்டுவிட்டு வெட்டும் கேக்கில் என்ன இருக்கிறது? க்ரீம் அதிகமில்லாததாகப் பாருங்கள். கை கழுவ ஓடும் நேரம் மிச்சம், முகத்தில் பூசும் ஆசையும் யாருக்கும் வராது. முகத்தில் பூசுவது, முதுகில் குத்துவது, தலையில் முட்டை உடைப்பது எல்லாம் ஹாஸ்டலோடு போகட்டும். வேண்டாம் என்பதைச் சிரித்துக்கொண்டே முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூசிய பிறகு கோபப்பட்டால் நீங்கள்தான் சிடுமூஞ்சி என்று பெயர் எடுப்பீர்கள்.

எண்ணிக்கை போடும்போது கான்ட்ராக்ட் ஆட்கள், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, கூட்டிப் பெருக்கும் அக்கா, கேன்டீனில் பரிமாறுபவர் எல்லோரையும் சேர்த்துப் போடுங்கள். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஏழு பேருக்கு மட்டும் நீட்டப்படும் சாக்லேட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு மூன்று பேர் வேலை செய்வது போலக் கொடுமை வேறில்லை. பணம் குறைவாக இருந்தால் சமோசாவை விட்டுவிட்டு சாக்லேட் வாங்குங்கள், ஆளைக் குறைக்காதீர்கள்.

ஆறாவது: உங்களுடைய இரண்டு மணி நேரம்

ஏ ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் மதியம் நேராகக் கோயிலுக்குப் போக வேண்டாம், நடை சாத்தியிருக்கும். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு மாலையில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரையோ பாண்டி மணக்குள விநாயகரையோ பார்க்கலாம். பி ஷிப்டுக்காரர்களுக்குக் காலைதான். காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்கோ, பாண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவில் காலைப் பூசைக்கோ போய்விட்டு, அப்படியே உட்கார்ந்து டிபன் சாப்பிடுங்கள். பன்னிரண்டு மணிக்குள் ரூமுக்குத் திரும்பிவிடலாம். சி ஷிப்ட் என்றால் தூக்கம்தான் முக்கியம். காலை ஆறு மணிக்கு வெளியே வந்ததும் கோயில், டிபன், அப்புறம் மதியம் வரை தூக்கம். தூங்காமல் நாள் முழுக்கச் சுற்றினால் அன்றைக்கு ராத்திரி டியூட்டியில் தெரியும்.

மாலை நேரம் கிடைத்தவர்களுக்கு பாண்டி பீச் ரோடு நல்ல இடம். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் நிம்மதியாக நடக்கலாம். சனி, ஞாயிறு மட்டும் வெளியூர்க் கூட்டம் அள்ளும், வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும். அந்த நாட்களில் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் தேவலை, ஆனால் இருட்டுவதற்கு முன் போய்விட்டு வாருங்கள். கடலூரிலிருந்து பாண்டிக்குப் போவதென்றால் தூரம் 25 கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் சாயந்திரம் அரியாங்குப்பத்திலும் முருங்கப்பாக்கத்திலும் நின்று நின்று போக வேண்டியிருக்கும். கேக் வெட்டும் நேரத்தை அதற்குத் தகுந்தாற்போல வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் நண்பர்கள் பாண்டி ட்ரீட் என்று சொல்வது எதை என்பது எல்லோருக்கும் தெரியும். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம். அடுத்த நாள் ஏ ஷிப்ட் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். கேட்டில் ஊதச் சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன, ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்தது காலை ஆறு மணிக்கும் மூச்சில் இருக்கலாம். திரும்பும்போது வண்டியை நீங்கள் ஓட்டக் கூடாது. வராத நண்பனுக்கு என்று பாண்டியில் வாங்கிய பாட்டிலை பையில் போட்டுக்கொண்டு கடலூருக்கு வரவும் கூடாது. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பிடித்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு, வண்டியும் போகும். பிறந்தநாள் என்று சொன்னால் விடமாட்டார்கள்.

கொண்டாட விருப்பம் இல்லாதவர்களும் உண்டு. வீட்டில் அந்த வருடம் துக்கம் நடந்திருக்கலாம், இல்லை, பிடிக்காமலே இருக்கலாம். அப்படியென்றால் எச்ஆரிடம் ஒரு வாரம் முன்பே, "என் பெயரை இந்த முறை குரூப்பில் போட வேண்டாம்" என்று சொல்லுங்கள். கூட வேலை செய்பவர்களில் நெருக்கமான ஒருவரிடம் மட்டும் காரணத்தைச் சொல்லிவைத்தால் மற்றவர்களை அவரே பார்த்துக்கொள்வார். அன்றைக்கு லீவு போட்டு ரூமில் தனியாகப் படுத்துக்கிடப்பதைவிட வேலைக்குப் போவது எவ்வளவோ நல்லது என்பது என் கருத்து.

கடைசியாக, கணக்குகள். பிறந்தநாளன்று ரிலீவர் வராமல் கூடுதல் நேரம் நின்றிருந்தால் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. ரெஜிஸ்டரில் நேரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று மறுநாளே பாருங்கள், சம்பள சீட்டு வந்த பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஓவர்டைமுக்குப் பதில் காம்ப் ஆஃப் (ஈடாக ஒரு நாள் லீவு) தருகிறோம் என்றால் எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஷிப்ட் மாற்றிக்கொடுத்தவரின் பிறந்தநாளையும், அவர் வீட்டு விசேஷ நாட்களையும் கேட்டு போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், பதினைந்து நாள் முன்பே நீங்களே போய், "அண்ணே, அன்னைக்கு நான் பி ஷிப்ட் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, இரண்டு பேருமாக எழுதிக்கொடுத்துவிடுங்கள்.